எந்த விபத்துக்கு எந்த சிமுலேஷன்?

மின்சாரம் நின்றாலும், யாரும் பொத்தானை அழுத்தாவிட்டாலும் தானே அடங்கிவிடும் என்பதுதான் உருகிய உப்பு அணுஉலையின் பெருமை. அதைக் கணினியில் சோதிக்க வருபவர்கள் ஒரு பரிமாண மென்பொருளா, முப்பரிமாணமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் எந்த உலை, எந்த விபத்து என்று முடிவு செய்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் 1965 முதல் 1969 வரை ஓடிய சோதனை உலையைப் பாருங்கள். கிராஃபைட் கட்டைகளுக்கு இடையே குறுகிய வாய்க்கால்கள். எரிபொருள் கரைந்த உப்பு அவற்றின் வழியே மேலேறும். இதற்கு ரிலாப், சாம் போன்ற ஒரு பரிமாண மென்பொருளே போதும். பல மணி நேர விபத்தைச் சாதாரணக் கணினியிலேயே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம்.

ஆனால் நீர் உலைக்கு எழுதிய நியூட்ரான் சமன்பாட்டை அப்படியே ஏற்றிவிடக் கூடாது. தாமத நியூட்ரான்களைத் தரும் அணுக்கருக்கள் இங்கே உப்போடு சேர்ந்து ஓடுகின்றன. ஓக் ரிட்ஜில் ஒரு சுற்றுக்குச் சுமார் 25 விநாடி. அதற்குள் ஒரு பகுதி உலைக்கு வெளியே குழாயிலேயே சிதைந்துவிடும். பம்பு நின்றால் அவை உள்ளேயே தங்கும். வினை சற்று ஏறும். பிறகுதான் உப்பு சூடாகி விரிந்து அதை இறக்கும். இந்த ஏற்றத்தைக் காட்டாத மென்பொருளை எவ்வளவு அழகான வரைபடம் தந்தாலும் ஒதுக்கிவிடலாம். பம்பை நிறுத்தியும் இயற்கைச் சுழற்சியில் ஓட்டியும் ஓக் ரிட்ஜ் எடுத்த அளவீடுகள் இருக்கின்றன. மென்பொருளின் முதல் சோதனை அவற்றோடு ஒப்பிடுவதுதான்.

ஐரோப்பியர் வடிவமைத்த 3000 மெகாவாட் வெப்பத்திறன் கொண்ட வேக உலை வேறு கதை. கிராஃபைட்டும் இல்லை, வாய்க்காலும் இல்லை. வெற்று அறைக்குள் உப்பு சுழல்கிறது. சுழல் தேங்கும் இடத்தில் எவ்வளவு சூடேறும் என்பதை ஒரு பரிமாணம் சொல்லாது. ஜென்-ஃபோம் போன்ற முப்பரிமாண மென்பொருள் வேண்டும். அதற்கு விலை, கணினி நேரம். ஆகவே தொடக்க நொடிகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தி, மீதியை ஒரு பரிமாணத்திடம் விடுவதே என் பரிந்துரை.

குளிர்காற்று நின்றதும் உருகி, உப்பைத் தொட்டிக்கு இறக்கும் உறைந்த அடைப்பு விஷயத்தில் இரண்டு வகை மென்பொருளையும் நம்ப வேண்டாம். அது உருகும் நேரத்தைத் தனியாகக் கணக்கிட்டு, ஒற்றை எண்ணாக அல்லாமல் ஒரு வரம்பாக உள்ளே கொடுங்கள்.

தொட்டியில் இறங்கிய உப்பின் எச்ச வெப்பம், உலை நின்ற முதல் நாள் முடிவில் முழுத்திறனில் அரை சதவீத அளவுக்கு இறங்கிவிடும். அப்போது ஆபத்து எதிர்ப்பக்கம்: லித்தியம், பெரிலியம் ஃபுளோரைடு உப்பு சுமார் 460 டிகிரி செல்சியஸில் உறையும். குளிர்விக்கும் குழாயிலேயே உறைந்து ஓட்டத்தை அடைத்துக்கொள்ளலாம். உறைதலைக் கணக்கிடாத மென்பொருளை இந்தக் கட்டத்துக்கு எடுக்காதீர்கள்.