மலைச்சரிவில் கடற்காற்று

ஒரு குடும்பம் வேனில் பல மாதங்கள் ஊர் சுற்றுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கன்னியாகுமரி, இராமேசுவரம், நாகப்பட்டினம் என்று கடலோரமாகவே சுற்றிவிட்டு, கோடையில் உதகமண்டலம் ஏறுகிறார்கள். பிறகு மேட்டுப்பாளையம் நோக்கி இறங்குகிறார்கள். கடலோரத்தில் சீட்டு வாங்காமல் வண்டியில் ஏறிய ஒரு பயணி, இந்த இறக்கத்தில்தான் தன் வேலையைக் காட்டக்கூடும். அந்தப் பயணி யார் தெரியுமா? காற்றிலுள்ள நீராவி!

முதலில் ஒரு சிறு கணக்கு. உதகமண்டலத்தின் உயரம் சுமார் 2,240 மீட்டர். மேட்டுப்பாளையம் சுமார் 320 மீட்டர். ஆக, வண்டி ஏறக்குறைய 1,900 மீட்டர் கீழே இறங்க வேண்டும். ஆட்களும் மூட்டை முடிச்சுகளும் சேர்ந்து வண்டியின் நிறை 2,000 கிலோகிராம் என்று கொள்வோம்.

நிலையாற்றல் = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம்
= 2,000 × 9.8 × 1,900
= 3,72,40,000 ஜூல்.

30 டிகிரி வெப்பநிலையில் உள்ள சுமார் 125 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த ஆற்றல் போதும்! ஆற்றலை அழிக்க முடியாது அல்லவா? வண்டி வேகமெடுக்காமல் இறங்க வேண்டுமானால், இவ்வளவு ஆற்றலும் வெப்பமாக மாறியே தீர வேண்டும். ஓட்டுநர் பிரேக்கை மட்டுமே நம்பினால், பெரும்பகுதி வெப்பம் பிரேக் பாகங்களில்தான் சேரும்.

காலால் மிதிக்கும் விசை சக்கரத்துக்கு எப்படிப் போகிறது? கார், வேன் போன்ற வண்டிகளில் பிரேக் ஆயில் என்ற திரவம் அதைச் சுமந்து செல்கிறது. திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த விதிதான் இங்கே வேலை செய்கிறது.

மழைக்காலத்தில் திறந்து வைத்த உப்பு நீர்த்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பைப் போலவே பெரும்பாலான பிரேக் ஆயில்களும் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியவை. ரப்பர் குழாய்களின் வழியாகவும், ஆயில் கலத்தின் மூடி வழியாகவும் ஈரம் சிறிது சிறிதாக உள்ளே நுழைகிறது. கடலோர ஈரக்காற்றில் இது விரைவாக நடக்கும்.

இதனால் என்ன கெடுதல்? 'டாட் 3' என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை 205 டிகிரி செல்சியசுக்குக் குறையக்கூடாது என்பது விதி. அதில் 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்டாலோ, கொதிநிலை 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் சூடேறிய பிரேக் அருகே ஆயில் கொதித்து, ஆவிக் குமிழ்கள் தோன்றும். திரவத்தை எளிதில் அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். எனவே ஓட்டுநர் மிதித்தால் குமிழ்கள் சுருங்குமே தவிர, சக்கரத்தில் பிடிப்பு இராது. மிதி 'பொதபொத'வென்று உள்ளே போய்விடும். எதிரே கொண்டை ஊசி வளைவு!

இன்னொரு வேடிக்கை: பிரேக் ஆறியதும் குமிழ்கள் மறைந்து, மிதி பழையபடி இறுகிவிடும். மெக்கானிக் மிதித்துப் பார்த்தால் குறை தெரியாது. ஆயிலைச் சோதித்தால்தான் உண்மை வெளிப்படும்.

நீங்களே செய்து பாருங்கள்: ஊசி இல்லாத இரண்டு புதிய சிரிஞ்சுகளை ஒரு மெல்லிய குழாயால் இணையுங்கள். குமிழே இல்லாமல் நீர் நிரப்பி ஒன்றை அழுத்துங்கள். மற்றது உடனே நகரும். அடுத்து, குழாயில் சிறிது காற்றை விட்டு, எதிர்ப்பக்கத் தண்டை விரலால் பிடித்துக்கொண்டு அழுத்துங்கள். வேறுபாடு உங்கள் கைக்கே தெரியும்.

தப்பிக்க வழி என்ன? வண்டித் தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில் ஆயிலை மாற்ற வேண்டும். பல வண்டிகளுக்கு இது இரண்டு ஆண்டு. இறங்கும்போது தாழ்ந்த கியரில் வர வேண்டும். அப்போது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்குக்கு வேலை குறையும். "ஏறுகிற கியரிலேயே இறங்கு" என்று அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். எரிபொருள் மிச்சம் என்று எண்ணி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது உயிருக்கே ஆபத்து.

இப்போது ஒரு கேள்வி. நீரும் திரவம்தானே, விலையும் குறைவுதானே? பிரேக் ஆயிலுக்குப் பதிலாக நீரையே ஏன் ஊற்றுவதில்லை? மூன்று காரணங்களாவது யோசித்து எழுதுங்கள்!