தனியாகப் பேசினால் திக்காது, ஏன்?

தாம்பரத்தில் டிக்கெட் எடுக்கும்போது முதலாம் ஆண்டு முழுக்க நான் "மறைமலைநகர்" என்றுதான் கேட்பேன். இறங்குவதோ அதற்கு முந்தின காட்டாங்குளத்தூரில். 'கா' என்று ஆரம்பித்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும், 'ம' எப்படியோ வந்துவிடும். நான் திக்குகிறவன் என்று உங்களில் பல பேருக்குத் தெரியாமல் போனது இந்த மாதிரித் தில்லுமுல்லுகளால்தான்.

ஆனால் பாடினால் எனக்குத் திக்காது. எங்க தெரு நாயிடம் பேசினாலும் திக்காது. ஒரே நாக்கு, ஒரே தொண்டை, அப்புறம் எப்படி? எனக்கு மட்டும் உள்ள கோளாறு என்று நினைத்திருந்தேன். இல்லையாம்.

பேச்சு சிகிச்சையாளர்கள் இதை அளக்கிறார்கள். நம்ம லேப் மாதிரிதான். ஒன்று முதல் இருபது வரை எண்ணச் சொல்வது, ஒரு பத்தியைப் படிக்கச் சொல்வது, படத்தைப் பார்த்து விவரிப்பது, உரையாடல், டெலிபோன் என்று தனித்தனியாகப் பதிவுசெய்து அசைகளை எண்ணுகிறார்கள். காட்-டாங்-கு-ளத்-தூர், ஐந்து அசை. 300 அசையில் 15 திக்கினால் 5 சதவீதம். 'க-க-க' என்று திரும்ப வருவது, 'ஸ்ஸ்ஸ்' என்று இழுபடுவது, சத்தமே வராமல் அடைத்துக்கொள்வது, இவை மூன்றும் கணக்கில் சேரும். "அது வந்து..." என்று எல்லாரும் இழுப்பது சேராது.

எண்ணுவதிலும் கிழமை சொல்வதிலும் பொதுவாகத் திக்கல் குறைவு. பலரோடு சேர்ந்து படித்தால் அநேகமாக இல்லை. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தால் திக்கல் குறைந்துகொண்டே வரும் என்று 1937இல் அமெரிக்காவின் அயோவாவில் வெண்டல் ஜான்சனும் ஜான் நாட்டும் எழுதினார்கள். (ஜான்சனே திக்குகிறவர்தான்.) ஆனால் ஓய்வு விட்டுப் படித்தால் பழையபடி திரும்பிவிடும்.

படிப்பதில் இன்னொரு சங்கடம். பேசும்போது வராத வார்த்தைக்கு வேறு வார்த்தை போட்டுக்கொள்ளலாம், புத்தகத்தில் உள்ளதை மாற்ற முடியாது. அதனால் சிலருக்குப் பேச்சைவிட வாசிப்பில் திக்கல் அதிகம். சொந்தப் பெயரும் அப்படித்தான். வைவாவில் பெயரும் ரிஜிஸ்டர் நம்பரும் கேட்கிற அந்த முதல் நிமிஷம்தான் எனக்கு எமகண்டம். கியர் பாக்ஸ் பற்றிய கேள்வியெல்லாம் அப்புறம்.

2021இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் எரிக் ஜாக்சன் குழுவினர் 24 பேரை வைத்துச் செய்த சோதனைதான் எனக்குப் பிடித்தது. யாரும் கேட்கவில்லை என்று நம்பித் தனக்குத்தானே பேசியபோது அநேகமாக யாருக்கும் திக்கவில்லை. அதே வார்த்தைகளை இரண்டு பேர் முன்னால் சொன்னபோது திக்கியது.

அதற்காக "பயத்தாலதான்டா, தைரியமாப் பேசு" என்று சொல்லிவிடாதீர்கள். திக்கலின் வேர் மூளை பேச்சை ஒழுங்குபடுத்தும் விதத்திலும் மரபணுக்களிலும் இருக்கிறது, பதற்றம் அதைக் கூட்டும், அவ்வளவுதான். நாக்கில் வசம்பு தடவியது போதும், பாட்டி! பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இது உண்டு. ஆண்களிடம்தான் அதிகம், எனவே மெக்கானிக்கல் பிரிவில் நான் தனியாள் இல்லை என்றே நினைக்கிறேன்.

அப்படி யாராவது இருந்தால், நம்ம ஊரிலேயே எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பேச்சு, செவித்திறன் துறை இருக்கிறது, போய்ப் பாருங்கள். மற்றவர்களுக்கு ஒன்று: நான் முடிக்கிறதுக்குள்ள என் வார்த்தையை நீங்க முடிச்சு வைக்காதீங்க. போன செமஸ்டர் வைவாவில் எடுத்த எடுப்பிலேயே, "சார், எனக்குத் திக்கும், கொஞ்சம் நேரம் கொடுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். பெயர் வர நாலைந்து வினாடி ஆச்சு.