இன்சுலேஷன் போன நரம்பு

லேப்ல ஒயரோட இன்சுலேஷன் உரிஞ்சா சிக்னல் என்ன பாடுபடும்னு உங்களுக்குத் தெரியும். நம்ம நரம்புக்கும் மையலின் என்ற உறை இருக்கு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்த உறையைத் தாக்கினால் வருவதுதான் கில்லன் பாரே நோய். டாக்டர்கள் சுருக்கமாக ஜி.பி.எஸ். என்பார்கள். (வழி காட்டுற ஜி.பி.எஸ். இல்லைங்க!)

1916-ல் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று பிரெஞ்சு மருத்துவர்கள் இரண்டு ராணுவ வீரர்களிடம் கண்டதை எழுதினார்கள். ஆண்டுக்கு லட்சம் பேரில் ஓரிருவருக்குத்தான் இது வரும். அதனால் பல வருடம் பிராக்டிஸ் செய்த டாக்டர்கூட ஒரு கேஸையும் நேரில் பார்க்காமல் இருக்கலாம். சிக்கலே அங்கேதான். "உடம்பு வீக்கா இருக்கு, சத்து மாத்திரை சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டால் பொன்னான நாட்கள் போய்விடும்.

அப்போ எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று துப்பு இருக்கு.

1. பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கம் வரும். இது இரண்டு காலிலும் தொடங்கி, சில நாட்களில் மேலே ஏறும்.

2. முழங்காலில் சுத்தியலால் தட்டினால் கால் துள்ளாது.

3. பலருக்கு ஒன்று முதல் மூன்று வாரம் முன்பு வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்திருக்கும். 2025 ஜனவரியில் புனேயில் பலருக்கு இந்த நோய் வந்தபோது, அசுத்தமான தண்ணீர் மேல்தான் சந்தேகம் விழுந்தது.

அடுத்து நம்ம சப்ஜெக்ட்: சரியான சென்சார் எது? விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 98 காட்டுதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. மூச்சுத் தசைகள் சோர்ந்து, நிலைமை முற்றிய பிறகுதான் அந்த எண் இறங்கும். ஸ்பைரோமீட்டரில் மூச்சின் கொள்ளளவை அடிக்கடி அளக்க வேண்டும். எடையில் கிலோவுக்கு 20 மில்லிக்குக் கீழே போனால் வென்டிலேட்டர் தயாராக இருக்கணும். இது தெரிந்த நர்ஸ் ஒருவர் வார்டில் இருந்தால் ஓர் உயிர் பிழைக்கும்.

சிகிச்சையிலும் ஒரு பொறி உண்டு. எதிர்ப்புச் சக்தியை அடக்க ஸ்டீராய்டு கொடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஸ்டீராய்டு மாத்திரை இதற்குப் பலன் தருவதில்லை. இம்யூனோகுளோபுலின் ஊசி அல்லது பிளாஸ்மா மாற்று, இரண்டில் ஒன்றை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. மாதக்கணக்கில் ஆனாலும் பெரும்பாலோர் மீண்டும் நடக்கிறார்கள்.

உங்க ஹாஸ்டல் ரூம்மேட்டுக்கு இரண்டு காலும் நாளுக்கு நாள் தளர்ந்தால், ஐ.சி.யு. உள்ள மருத்துவமனைக்கு உடனே கூட்டிட்டுப் போங்க. போன வாரம் வயிறு கெட்டிருந்ததையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்க.