ஏகாந்த ஸேவையில் ஒரு திருக்காப்பு: தரிகொண்ட வெங்கமாம்பாள்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருமலை யாத்திரை செல்லும் பாகவதர்கள் அமுது செய்யும் அன்னப்ரஸாதக் கூடம் மாத்ருஸ்ரீ தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயரைத் தாங்கியது. அங்கு ப்ரஸாதம் ஸ்வீகரிப்போரில் பலர், அப்பெயருக்குரியவர் திருவேங்கடமுடையானைப் பாடிய ஒரு கவி என்பதை அறியார்.

இவர் 1730இல், சித்தூர்ச் சீமையிலுள்ள தரிகொண்டை என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே கணவரை இழந்தார். எம்பெருமானே தமக்கு நித்யபதி என்று உறுதி கொண்டு, கைம்பெண் கோலம் ஏற்க மறுத்தார். அதனால் ஊராரின் ஏச்சுக்கு ஆளானார். பின்னர்த் திருமலையை அடைந்து, 1817இல் பரமபதிக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார். அவருடைய ப்ருந்தாவனமும் திருமலையிலேயே உள்ளது.

தரிகொண்டை ந்ருஸிம்ஹனைப் பற்றிய சதகம் அவருடைய தொடக்கக்கால நூல்களுள் ஒன்று. புராணங்களில் உள்ள திருமலைச் சரிதங்களை வேங்கடாசல மாஹாத்ம்யம் என்னும் தெலுங்குக் காவியமாக்கினார். ஸ்ரீபாகவதத்தைத் த்விபத யாப்பில் பாடினார். நாடகங்களும் யோகநெறி நூல்களும் இயற்றினார்.

இவற்றினும் நாம் சிந்திக்க வேண்டியது அவருடைய முத்யால ஹாரதி, அதாவது முத்து ஹாரத்தி. இரவில் ஏகாந்த ஸேவையின்போது, பல்லவ அரசி சாமவை ஸமர்ப்பித்த போக ஸ்ரீநிவாஸர் திருப்பள்ளிமெத்தையில் எழுந்தருளுவார். மார்கழியில் கண்ணபிரான் எழுந்தருளுவார். அப்போது அன்னமாசார்யரின் தாலாட்டும் வெங்கமாம்பாளின் ஹாரத்தியும் ஸமர்ப்பிக்கப்படுகின்றன. 'தாளப்பாக்கத்தார் லாலி, தரிகொண்டையார் ஹாரதி' என்பது அங்கு வழங்கும் சொல்.

இவ்விரண்டும் பெரியாழ்வார் காட்டிய வழியே. கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடிய ஆழ்வார், திருவெள்ளறை எம்பெருமானை அந்திப்போதில் காப்பிட வருமாறும் அழைத்தார். ஸர்வரக்ஷகனுக்கும் காப்பு வேண்டுமோ எனில், ஞானதசையில் வேண்டா. ப்ரேமதசையிலோ ரக்ஷ்ய ரக்ஷகபாவம் மாறிவிடும். அவன் ஸௌகுமார்யத்தைக் கண்ட நெஞ்சு, என்ன தீங்கு வருமோ என்று அஞ்சும். திருப்பல்லாண்டு பிறந்ததும் இப்பரிவினாலன்றோ? ஹாரத்தியும் கண்ணெச்சில் கழிக்கும் காப்பேயாகும்.

இங்கே ஒன்று நோக்கத்தக்கது. ஹாரத்தி எடுத்தல் ஸுமங்கலிகளுக்கே உரியது என்பது உலக வழக்கு. கைம்பெண்ணை மங்கல காரியங்களிலிருந்து விலக்கி வைத்த அக்காலத்தில், அமங்கலை என்று உலகம் ஒதுக்கிய ஒருவரின் கையிலிருந்தே, மங்களங்களுக்கெல்லாம் மங்களமான எம்பெருமான் தன் நாள்முடிவின் மங்களத்தை ஏற்றுக்கொண்டான். மங்கலத் தன்மை ஊர் தருவதன்று. அவனோடு உள்ள ஸம்பந்தம் தருவது. இவ்வுண்மையை அந்த ஹாரத்தி இரவுதோறும் நமக்கு உணர்த்துகிறது.

இனி அக்கூடத்தில் இலையின் முன் அமரும்போது, அவ்வம்மையாரையும் ஒரு கணம் நினைப்போமாக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.