தொலைபேசி எண்ணும் வழி தேர்தலும்

விழுப்புரத்திலுள்ள ஒரு வீட்டினின்றும் திண்டிவனத்திலுள்ள ஒரு வீட்டைத் தொலைபேசியில் அழைக்கின்றோம். நாம் அழுத்துவன சில இலக்கங்களே. ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் அவற்றில் இல்லை. ஆயினும் மணி அவ்வீட்டிலேயே ஒலிக்கின்றது. இஃது எங்ஙனம் நிகழ்கின்றது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பண்டு இணைப்பு நிலையத்துப் பணியாளரே அழைப்புக்களைக் கையால் இணைத்தனர். 1891-இல் ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்னும் அமெரிக்கர் தானியங்கி இணைப்புக் கருவிக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். நம் நாட்டில் பணியாளர் துணையின்றி வெளியூரை நேரே அழைக்கும் முறை 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே தொடங்கிற்று. இந்நாளில் எஸ்.ஐ.பி. என்னும் நெறியின்படி இயங்கும் சர்வர்களும் இத்தொழிலை ஆற்றுகின்றன.

சர்வர் முதற்கண் எண்ணை முழுவடிவிற்குக் கொணர்தல் வேண்டும். விழுப்புரத்தின் குறியீடு 4146, திண்டிவனத்தினது 4147. இவற்றின்பின் வருவன ஆறிலக்கங்கள். அவ்வாறிலக்கங்கள் ஈரூர்களிலும் இரு வேறு வீடுகளுக்கு உரியனவாகலாம். ஆதலின், விழுப்புரத்தார் ஆறிலக்கம் மட்டும் அழுத்தின் சர்வர் 4146-ஐ முன்னே சேர்க்கும். 0 இட்டு வெளியூரை அழைப்பின் அப்பூச்சியத்தை நீக்கும். பின்னர் இந்தியாவின் குறியீடாகிய 91-ஐ முன்வைக்கும்.

அடுத்தது வழி தேர்தல். சர்வரின் அட்டவணையில் 91 என்பதற்கு ஒரு பொதுவழியும், 914147 என்பதற்கு ஒரு தனிவழியும் இருப்பதாகக் கொள்வோம். திண்டிவனத்து எண் இரண்டனோடும் பொருந்தும். அவற்றுள் மிகுதியான இலக்கங்கள் பொருந்துவதையே கொள்ளுதல் விதி. இலக்கம் இலக்கமாகக் கிளைக்கும் மரம்போல் அட்டவணையை அமைப்பின், உலக எண்கள் பதினைந்து இலக்கங்களுக்கு மேற்படாமையின், தேடலும் பதினைந்து படிகளுக்குள் முடியும்.

கைப்பேசி எண்களுக்கு இவ்விதி மட்டும் போதாது. 2011 ஜனவரியில் நாடெங்கும் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை வந்தது. அதன்பின் முன்னிலக்கங்கள் நிறுவனத்தை உறுதியாய் உணர்த்தா. ஆகவே மாறிய எண்களின் பதிவேட்டை முதலிற் பார்த்தே வழியைத் தேர்தல் வேண்டும்.

இங்ஙனம் முறை பிறழாமை எத்துணை இன்றியமையாதது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். தமிழ்நாட்டில் 2008 முதல் 108 என்பது நோயாளர் ஊர்திக்கு உரிய எண். விழுப்புரத்துச் சர்வர் ஒன்று, குறுகிய எண்ணுக்கெல்லாம் ஊர்க்குறியீட்டை முதலிற் சேர்க்குமாயின், 108 என்பது 4146108 ஆகிவிடும். அவ்வெண்ணுக்கு உரியார் ஒருவரும் இலர், அழைப்பும் வீணாகும். விதிகள் யாவும் சரியாயிருந்தும் வரிசை பிறழ்ந்தமையால் ஓர் உயிர் ஊசலாடும். அவசர எண்ணோ என்று நோக்குதல் முதற்படியாதல் வேண்டும்.

ஆகவே, இக்கலையைப் பயிலும் மாணவர், விடை கிடைக்கும் விரைவை மட்டும் நோக்காது, வினாக்களின் வரிசையையும் நோக்குவாராக. அட்டவணையில் வெற்றிலக்கமாய்த் தோன்றும் ஒவ்வொன்றின் பின்னும் மறுமொழிக்குக் காத்திருக்கும் ஒரு மனிதர் உளர்.