முறுக்கு டின்னுக்கும் கணக்கு உண்டு

தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போதே ஈப்போவின் புந்தோங் சந்துகளில் எண்ணெய் வாசம் கிளம்பிவிடும். எட்டயபுரத்துப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் தலையில் சுமந்தும் சைக்கிளில் கட்டியும் கச்சாங் பூத்தே விற்றுப் பேர் வாங்கிக்கொடுத்த ஊர் இது. கடை வைக்காத வீட்டிலும் ஒரு முறுக்கு உரல் இருக்கும். எங்கள் வரிசையில் ஓர் அக்கா பகலில் கிராணி வேலை பார்க்கிறார், இரவில் முறுக்கு பிழிகிறார். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில். "தம்பி, இது சும்மா பொழுதுபோக்குதானே, இதுக்குமா வரி ஆபீஸ் ஹாசிலுக்குக் கணக்குக் காட்டணும்?" என்று ஒருநாள் கேட்டார்.

பொழுதுபோக்குக்கு வரி இல்லை என்பதுதான் நம்மிடையே ஆழமாக ஊறிப்போன நம்பிக்கை. ஆனால் மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பொழுதுபோக்கு வருமானம் என்று தனிக் கணக்கே கிடையாது. வியாபாரத்துக்கு அது தரும் விளக்கமோ அகலமானது. உற்பத்தி, வணிகம், வணிகத் தன்மையுள்ள எந்த முயற்சியும் அதற்குள் அடங்கிவிடும். ஆசையாகச் செய்தோமா, அலுத்துக்கொண்டு செய்தோமா என்பது அங்கே பேச்சே இல்லை. திரும்பத் திரும்ப விற்கிறோமா, விற்பதற்கென்றே மூட்டையாக மாவு வாங்குகிறோமா, விலை போட்டு ஆள் தேடுகிறோமா என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஒரு தடவை பட்டுநூல் வளையல் செய்துகொடுத்து, அவர்கள் கையில் திணித்த ஐம்பது வெள்ளி வியாபாரமாகாது. அதே வளையலைப் படம் எடுத்து வாராவாரம் பேஸ்புக்கில் போட்டு விற்றால் ஆகும். அக்கா மூன்று வருஷமாக டின்னில் பேரும் விலையும் அச்சடித்த லேபிள் ஒட்டுகிறார். பிறகென்ன சந்தேகம்?

"எஸ்எஸ்எம்மில் பதியவே இல்லையே" என்பார்கள் அடுத்து. அந்த நிறுவன ஆணையத்தில் பதிவது வேறு சட்டம், 1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டம். சொந்தப் பேரில் பதிந்தால் வருஷத்துக்கு 30 வெள்ளி, கடைப் பேர் வைத்தால் 60 வெள்ளி. அங்கே பதியாமல் விட்டால் அது ஒரு தனிக் குற்றம். அது வருமான வரியிலிருந்து தப்பிக்கும் வழியல்ல.

ஆனால் அக்காவைத் தூங்கவிடாமல் செய்தது இன்னொரு பயம். விற்ற காசு மொத்தத்துக்கும் வரி பிடித்துவிடுவார்களாம். யாரோ பாசார் மாலத்தில் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு காகிதத்தை எடுத்தேன். சம்பளம் மாதம் 2,800 என்று வைத்துக்கொள்வோம், வருஷத்துக்கு 33,600. முறுக்கு விற்றது 9,000. மாவு, எண்ணெய், எள், டின், லேபிள், காஸில் முறுக்குக்கான பங்கு எல்லாம் 5,200. மிச்சம் 3,800தான் வருமானம். சம்பளத்தோடு கூட்டினால் 37,400. அதில் தனிநபர் கழிவு 9,000, இபிஎஃப் சேமநிதிக்குக் கட்டியது 3,696 போனால் நிற்பது 24,704. இப்போதைய விகிதத்தில் இதற்கு வரி சுமார் 291 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 35,000க்குள் இருப்பதால் 400 வெள்ளி தள்ளுபடி உண்டு. ஆகக் கட்ட வேண்டியது பூஜ்யம்.

செலவைக் குறித்து வைக்காமல் 9,000 முழுவதையும் வருமானமாகக் காட்டியிருந்தால் 47 வெள்ளி கட்டியிருப்பார். தொகை சின்னதுதான். ஆனாலும் வராத லாபத்துக்கு எதற்கு வரி?

ரசீதெல்லாம் எங்கே என்று கேட்டேன். பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்தார். எண்ணெய்க் கறையில் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. மளிகைக்கடைக்காரர் மெஷினில் அடித்துக் கொடுத்தவை வெள்ளைத் தாளாகவே வெளுத்துப்போயிருந்தன. ஏழு வருஷம் பத்திரப்படுத்தச் சொல்கிறது சட்டம். அந்த மை ஏழு மாதம் தாங்கினால் அதிகம். வாங்கிய அன்றே போனில் படம் பிடித்துவிடுங்கள் என்றேன். வீட்டுச் சமையலுக்கு வாங்கிய எண்ணெயை இதில் ஏற்றக் கூடாது. ராத்திரி பன்னிரண்டு வரை பிழிந்த அக்காவின் சொந்தக் கைக்கூலியையும் செலவில் சேர்க்க முடியாது. அது எனக்கும் நியாயமாகப் படவில்லை, ஆனால் விதி அப்படி.

கணவர் கணக்கில் ஏற்றிவிடலாம் என்பதும் சரியல்ல. யார் சம்பாதித்தாரோ அவர் பேரில்தான். கூட்டு மதிப்பீடு வேண்டுமென்றால் அதைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சம்பளம் மட்டும் உள்ளவருக்கு பிஇ பாரம், ஏப்ரல் 30 கெடு. வியாபாரமும் இருந்தால் பி பாரம், ஜூன் 30. இது தெரியாமல் பழக்கத்தில் பிஇயையே அனுப்புகிறவர்கள் நிறைய. ரொக்கமாக வாங்கினால் தெரியாது என்பவர்களுக்கு ஒன்று: அக்காவின் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கியூஆரில்தான் கட்டுகிறார்கள், ஒவ்வொன்றும் பேங்க் கணக்கில் தேதியோடு கிடக்கிறது. பாரமே அனுப்பாவிட்டால் அபராதம் 200 வெள்ளியிலிருந்து 20,000 வரை போகலாம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

நஷ்டம் வந்த வருஷத்திலும் பாரம் அனுப்புவது லாபம்தான். அந்த வருஷத்து வியாபார நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம்.

கடைசியாக ஒன்று சொன்னதும்தான் அக்கா வாயடைத்துப்போனார். விற்கச் செய்த சரக்கில் வீட்டுக்கென்று எடுத்தால், அதைச் சந்தை விலைக்கு விற்றதாகவே கணக்கில் காட்ட வேண்டும்.

"அப்போ போன தீபாவளிக்கு மாமா வந்து உக்காந்து காலி பண்ணினாரே ரெண்டு டின், அதையும் எழுதணுமா?"

"கடை விலைக்கு எழுதணும் அக்கா."

நோட்டைத் திறந்து, மாமாவின் பேரை எழுதிவிட்டுச் சிரித்தார்.