லிங்கன் அடைத்த கடைக் கடன்

1861 முதல் 1865 வரை அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஆபிரகாம் லிங்கனை அடிமை முறையை ஒழித்தவராக நாம் அறிவோம். அவர் நம்மைப் போல் கடை வைத்தவர், அதில் நொடித்தும் போனவர் என்பதை அறிந்தவர் குறைவு. அந்தக் கணக்கை இங்கே பார்ப்போம்.

இல்லினாய் மாநிலத்தில் நியூ சேலம் என்ற சிற்றூர். 1831-இல் அங்கே ஒரு கடையில் சிப்பந்தியாகச் சேர்ந்தார் லிங்கன். அந்தக் கடை மறு வருடமே மூடப்பட்டது. பிறகு வில்லியம் பெர்ரி என்பவரோடு கூட்டுச் சேர்ந்து சொந்தக் கடை தொடங்கினார். கையில் முதல் இல்லை. முதலில் ஒரு கடையின் பங்கையும், அடுத்து இன்னொரு கடையின் சரக்கையும் பெரும்பாலும் புரோநோட்டு எழுதிக் கொடுத்தே வாங்கினார்கள். ஊரிலோ சுமார் 25 குடும்பங்கள். அதற்குள் பல கடைகள். ஆற்றில் படகுப் போக்குவரத்து வரும், ஊர் பெருகும் என்று எல்லோரும் நம்பினர். 1832-இல் ஒரு நீராவிப் படகு வந்து, நீர் குறைந்ததால் திரும்பிப் போனதோடு சரி.

பெர்ரி குடிப்பழக்கம் உள்ளவர், லிங்கன் எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருந்தவர் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எங்கள் கருத்தில் இவை பக்கக் காரணங்களே. விற்பனை இல்லாத ஊரில் கடனுக்குச் சரக்கு ஏற்றியதுதான் கடையைச் சாய்த்தது.

1835 ஜனவரியில் பெர்ரி இறந்தார். கூட்டு வியாபாரத்தில் ஒருவர் பட்ட கடனுக்கு மற்றவரும் பொறுப்பு அல்லவா? அவர் பங்கும் லிங்கன் தலையில் விழுந்தது. மொத்தம் சுமார் 1,100 டாலர். ‘தேசியக் கடன்’ என்று அவரே இதைக் கேலியாகச் சொல்வாராம். நோட்டுகளோ கைமாறிப் போயிருந்தன. நோட்டு வைத்திருந்த ஒருவர் பொறுக்காமல் வழக்குப் போட்டு, லிங்கனின் குதிரையையும் நில அளவைக் கருவிகளையும் ஏலத்துக்குக் கொண்டுவந்தார். அப்போது அவர் பிழைப்பே நில அளவைதான். ஜேம்ஸ் ஷார்ட் என்ற விவசாயி 120 டாலருக்கு ஏலத்தில் எடுத்து, அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

கடன் முற்றினால் இரவோடு இரவாக ஊரை விட்டுப் போய்விடுவது அக்காலத்தில் அப்பகுதியில் சாதாரணம். லிங்கன் போகவில்லை. சம்பாதிக்கச் சம்பாதிக்கக் கொடுத்து வந்தார். 1834-இல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், 1836-இல் வக்கீல்.

1837-இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்கு வந்தபோதும் கை வறண்டுதான் இருந்தது. ஜோசுவா ஸ்பீடு என்பவரின் கடையில் படுக்கைச் சாமான்களுக்கு விலை கேட்டார். 17 டாலர் என்றார்கள். கிறிஸ்துமஸ் வரை கடன் கேட்டவர், வக்கீல் தொழில் ஓடாவிட்டால் திருப்பித் தர முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னார். எத்தனை வாடிக்கையாளர் இப்படிச் சொல்வார்? ஸ்பீடு கடன் எழுதவில்லை; கடை மாடியில் தன் அறையிலேயே தங்கிக்கொள்ளச் சொன்னார். 1841-இல் ஸ்பீடு கடையை விற்றுவிட்டு கெண்டக்கிக்குத் திரும்பினார். அதுவரை இருவரும் ஒன்றாகவே இருந்தனர். நியூ சேலத்து நோட்டுகளை அடைத்து முடிக்க லிங்கனுக்குப் பல ஆண்டுகள் ஆயின.